காசு, கடன், வரி: வாசகர் கேள்வி பதில்

பணம், வங்கி, வரி பற்றிய சிந்தனை எப்படி வளர்ந்தது என்று கேட்டு வந்த கேள்விகளில் எட்டை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கணக்கு வருகிற இடங்களில் தாளும் பேனாவும் எடுத்து நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வாசித்துக் கடந்து போவதைவிட அது நன்றாக மனதில் நிற்கும்.

கேள்வி: முதலில் பண்டமாற்று இருந்தது, அதில் சிரமம் வந்ததால் பணம் பிறந்தது என்றுதான் பள்ளியில் படித்தோம். இப்போது அது கட்டுக்கதை என்கிறார்களே, எது சரி?

பதில்: தர்க்கமாகப் பார்த்தால் அதில் பிழையில்லை. நடந்த வரலாறு என்று எடுத்துக்கொண்டால்தான் தவறு.

ஆடம் ஸ்மித் 1776-இல் இந்தக் கதையைப் பிரபலமாக்கினார். இறைச்சி விற்பவரிடம் தேவைக்கு மேல் இறைச்சி இருக்கிறது, ஆனால் எதிரே நிற்பவரிடம் அவருக்கு வேண்டிய பொருள் இல்லை. ஆகவே எல்லோரும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் ஒரு பண்டத்தைக் கையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்றார். ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் ஆணியைக் கொடுத்து ரொட்டி வாங்குகிறார்கள் என்று சான்றும் காட்டினார். 1892-இல் ஆஸ்திரியப் பொருளியலாளர் கார்ல் மெங்கர் இதைச் செம்மையாக்கினார். பண்டங்களில் சில சட்டென்று விலைபோகும், சில போகாது. சட்டென்று விலைபோகிற பண்டத்தை ஆளாளுக்குத் தேடத் தேட அதுவே பணமாகிவிடுகிறது, அரசாணை எதுவும் தேவையில்லை என்பது அவர் வாதம்.

1913-இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி மிட்செல் இன்னஸ் அந்த ஆணிக் கதையையே கையில் எடுத்தார். ஆணி அடிக்கும் ஏழைத் தொழிலாளிகளுக்கு இரும்பையும் உணவையும் முன்கடனாகக் கொடுத்தவர்கள் வியாபாரிகள். ஆணி முடிந்ததும் அதைக் கடனுக்கு ஈடாக வரவு வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் ஆணி அங்கே பணமே அல்ல, பேரேட்டில் இருந்த கடன்தான் பணம்.

மெசபடோமியக் களிமண் பலகைகள் இன்னஸ் பக்கம்தான் சாய்கின்றன. ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய எஷ்னுன்னா நகரச் சட்டம், ஒரு கோர் பார்லி, அதாவது சுமார் 300 லிட்டர், ஒரு ஷெக்கல் எடை வெள்ளி என்ற விலையோடுதான் தொடங்குகிறது. வெள்ளிக் கடனுக்கு 20 விழுக்காடு வட்டி, பார்லிக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு வட்டி என்றும் அதில் இருக்கிறது. இன்றைய துருக்கியில் இருந்த லிடியாவில் முதல் நாணயம் வந்ததோ கி.மு. ஏழாம் நூற்றாண்டில். நாணயம் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே விலையும் கடனும் வட்டியும் இருந்திருக்கின்றன.

அதற்காக மெங்கரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரின் கைதி முகாமில் சிகரெட் எப்படிப் பணமானது என்பதை ஆர். ஏ. ராட்ஃபோர்டு 1945-இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். மெங்கர் சொன்ன வழியிலேயே அது நடந்தது. ஆனால் அந்தக் கைதிகள் பணத்தோடு வாழ்ந்து பழகியவர்கள். பணம் எட்டாத இடத்தில் பண்டமாற்று தலைகாட்டும் என்பது உண்மை. ஒரு சமூகம் முழுக்கப் பண்டமாற்றில் வாழ்ந்து, அதிலிருந்து பணத்துக்கு ஏறி வந்ததற்குத்தான் சான்று கிடைக்கவில்லை.

கேள்வி: "கெட்ட பணம் நல்ல பணத்தை விரட்டும்" என்ற கிரஷாம் விதி, காகிதப் பணம் மதிப்பிழந்த நாடுகளில் தலைகீழாக நடக்கிறதே? அங்கே மக்கள் உள்ளூர்த் தாளை உதறிவிட்டு டாலரை அல்லவா தேடுகிறார்கள்?

பதில்: அந்த வாக்கியத்தில் பாதி விட்டுப்போயிருக்கிறது. "சட்டம் இரண்டையும் ஒரே மதிப்பில் ஏற்கச் சொன்னால்" என்று முன்னால் சேர்த்துப் படியுங்கள், முரண்பாடு தீர்ந்துவிடும். வாங்குபவருக்கு மறுக்கும் உரிமை இருந்தால் நல்ல பணம்தான் ஜெயிக்கும். கொடுப்பவருக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கும் உரிமை இருந்தால் கெட்டதைத் தள்ளிவிட்டு நல்லதைப் பெட்டியில் பூட்டுவார். தாமஸ் கிரஷாம் இதை விதியாக எழுதி வைக்கவில்லை. 1858-இல் மக்லியாட் என்பவர் அவர் பெயரைச் சூட்டினார். கோப்பர்நிக்கஸ் 1526-லேயே இதை எழுதிவிட்டார். அவருக்கும் முன்னால், கி.மு. 405-இல் அரிஸ்டோஃபனீஸ் நாடகத்தில் ஏதென்ஸின் நல்ல காசு மறைந்து மட்டக் காசு புழங்குவதாக வருகிறது.

இதை அருகில் வைத்துப் பார்க்க இங்கிலாந்தின் 1690-களைவிட நல்ல இடம் இல்லை. அங்கே சுத்தியலால் அடித்த பழைய வெள்ளிக் காசுக்கு ஒழுங்கான விளிம்பு கிடையாது. ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியைச் சேர்ப்பவர்கள் பெருகி, 1695 வாக்கில் புழங்கிய காசுகள் சராசரியாகப் பாதி எடைக்கு வந்துவிட்டன. 1662 முதல் இயந்திரத்தில் அடித்த பெரிய காசுகளின் விளிம்பில் "அழகும் காப்பும்" என்று பொருள்படும் லத்தீன் எழுத்தைப் பொறித்திருந்தார்கள். கத்தரித்தால் எழுத்து சிதைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த நல்ல காசுகளை மக்கள் புழக்கத்துக்கே விடவில்லை.

என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி. கருவூலச் செயலர் லவுண்ட்ஸ், 60 பென்ஸ் காசை 75 பென்ஸ் என்று அறிவித்துவிடலாம், அதாவது ஒரு பென்னியில் உள்ள வெள்ளியைக் குறைத்துவிடலாம் என்றார். ஜான் லாக் ஒத்துக்கொள்ளவில்லை. ஷில்லிங் (12 பென்ஸ்) என்பது ஒரு வெள்ளி எடையின் பெயர், எடையைக் குறைத்துவிட்டுப் பெயரை வைத்துக்கொள்வது கடன் கொடுத்தவரை ஏமாற்றுவது என்றார். லாக் ஜெயித்தார். 1696-இல் முழு எடையில் காசு அடித்தார்கள்.

அடித்த வெள்ளி நிற்கவில்லை. நாணயச்சாலையில் ஒரு அவுன்ஸ் வெள்ளி 62 பென்ஸ், சந்தையில் அதைவிடக் கூடுதல். அந்த வித்தியாசத்துக்காகப் புதுக் காசை உருக்கிக் கப்பலேற்றினார்கள். 1717-இல் நாணயச்சாலைத் தலைவர் ஐசக் நியூட்டன் அறிக்கை கொடுத்து, கினி என்ற தங்கக் காசு 21 ஷில்லிங் என்று நிலைநிறுத்தப்பட்டது. கணக்கைப் பாருங்கள்: 22 காரட் தங்கத்தில் ஒரு பவுண்டு எடைக்கு 44½ கினி, அதாவது 934½ ஷில்லிங். 92½ விழுக்காடு வெள்ளியில் ஒரு பவுண்டு எடைக்கு 62 ஷில்லிங். கலப்பைக் கழித்தால் சுத்தத் தங்கம் ஒரு பவுண்டு 1,019½ ஷில்லிங், சுத்த வெள்ளி 67 ஷில்லிங். தங்கம் வெள்ளியைப்போல் 15.2 மடங்கு. கடல் கடந்தால் தங்கத்தின் மதிப்பு இதைவிடக் குறைவு. ஆகவே தங்கம் உள்ளே வந்தது, வெள்ளி வெளியே போனது. தங்கத்தையே பணத்தின் அளவுகோலாக வைக்கும் தங்கத் திட்டத்துக்கு இங்கிலாந்து மாறியதில் கொள்கை முடிவைவிட இந்தச் சிறு விகித வித்தியாசத்துக்குத்தான் பங்கு அதிகம்.

கத்தரித்த காசை மாற்றிக் கொடுத்ததில் வந்த நட்டத்தை ஈடுகட்ட 1696-இல் ஒரு புது வரி போட்டார்கள். அது கீழே வேறொரு பதிலில் வரும், நினைவில் வையுங்கள்.

கேள்வி: வங்கி நம் டெபாசிட்டை எடுத்து அடுத்தவருக்குக் கடன் கொடுக்கிறதா, இல்லை காற்றிலிருந்து பணத்தை உருவாக்குகிறதா? வகுப்பில் முதலாவதைச் சொல்கிறார்கள், இணையத்தில் இரண்டாவதைச் சொல்கிறார்கள். (வணிகவியல் மாணவி)

பதில்: வங்கியின் ஐந்தொகையை, அதாவது சொத்தையும் பொறுப்பையும் எதிரெதிரே காட்டும் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விவாதமே தேவைப்படாது.

ஒரு வங்கியிடம் மத்திய வங்கியில் இருக்கும் கையிருப்பு 20, கொடுத்த கடன் 80. மொத்தச் சொத்து 100. மறுபக்கம் டெபாசிட் 90, பங்குதாரர் மூலதனம் 10. இப்போது புதிதாக 10 கடன் கொடுக்கிறது. எந்த டெபாசிட்தாரரின் கணக்கிலிருந்தும் ஒரு காசு குறையாது. கடன் பத்தியில் 10 கூடி 90 ஆகும், கடன் வாங்கியவர் கணக்கில் 10 வரவு விழுந்து டெபாசிட் 100 ஆகும். சொத்து 110, பொறுப்பும் மூலதனமும் 110. முன்பு இல்லாத 10 டெபாசிட் இப்போது இருக்கிறது. டெபாசிட்டைப் பணமாகச் செலவழிக்கலாம் என்பதால் பணம் பிறந்துவிட்டது.

"காற்றிலிருந்து" என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த அடியையும் வையுங்கள். கடன் வாங்கியவர் அதைப் பூட்டி வைக்க வாங்கவில்லை, வேறு வங்கியில் கணக்கு வைத்திருப்பவரிடம் பொருள் வாங்குகிறார். நம் வங்கியிலிருந்து 10 கையிருப்பு அந்த வங்கிக்குப் போகிறது. நமக்குக் கையிருப்பு 20-லிருந்து 10, டெபாசிட் மறுபடி 90. நாட்டின் மொத்த டெபாசிட் 10 கூடியது கூடியதுதான், நம் வங்கியின் கையிருப்போ பாதியாகிவிட்டது. இன்னொரு 10 கொடுத்தால் காலி. அந்தக் கடன் 10 முழுக்க வராக்கடனாகிவிட்டால் மூலதனம் 10-உம் போய்விடும். ஆகவே வங்கியைக் கட்டிப்போடுவது மற்ற வங்கிகளுக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு, மூலதனம், திருப்பிக் கட்டக்கூடிய கடனாளி கிடைப்பது, மத்திய வங்கி வைக்கும் வட்டி ஆகியவைதான். கடன் திரும்பி வரும்போது டெபாசிட்டும் கடனும் சேர்ந்து அழிகின்றன. பணம் பிறந்த வழியிலேயே இறக்கிறது.

பாடநூலில் வரும் "கையிருப்பு விகிதம் 10 விழுக்காடு, ஆகவே பணம் 10 மடங்கு" என்ற பெருக்கி (டெபாசிட்டில் எத்தனை பங்கைக் கையிருப்பாக வைக்க வேண்டும் என்பதே அந்த விகிதம்), ஒரு மேல்வரம்பைச் சொல்கிறதே தவிர நடப்பைச் சொல்வதில்லை. அமெரிக்கா 2020 மார்ச்சில் கையிருப்பு விகிதத்தைப் பூஜ்யமாக்கியது. பெருக்கிக் கணக்குப்படி பணம் முடிவிலியாக வேண்டும், ஆகவில்லை. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி 2014-இல் வெளியிட்ட விளக்கக் கட்டுரை, கடன்தான் டெபாசிட்டை உருவாக்குகிறது என்று நேராகவே சொன்னது. அந்நாட்டுப் பணத்தில் அப்போது 97 விழுக்காடு டெபாசிட் என்றும் சொன்னது. இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கிரஷாம் விதிக்குப் பெயர் சூட்டிய அதே மக்லியாட் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதியதுதான்.

தேர்வில் பெருக்கியைக் கேட்டால் அதையே எழுதுங்கள். ஆனால் அது எந்த அனுமானத்தில் நிற்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நோட்டுக்கு முழுக்கத் தங்க ஈடு வைத்துவிட்டால் வங்கி நெருக்கடியே வராதல்லவா?

பதில்: இதைச் செய்தே பார்த்தார்கள். 1844-இல் பிரிட்டனில் ராபர்ட் பீல் கொண்டுவந்த வங்கிச் சட்டம், இங்கிலாந்து வங்கியை இரண்டாக வெட்டி, நோட்டு வெளியிடும் துறையை வங்கித் தொழிலிலிருந்து பிரித்தது. அரசுக் கடன்பத்திர ஈட்டில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டு வரை நோட்டு அடிக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் பெட்டகத்தில் உலோகம் இருக்க வேண்டும்.

சட்டத்தை எழுதியவர்கள் நோட்டை எண்ணினார்கள், டெபாசிட்டை எண்ணவில்லை. லண்டன் வணிகர்கள் பெரிய தொகைகளுக்கு அப்போதே காசோலைதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். நோட்டு செய்கிற வேலையை டெபாசிட்டும் செய்கிறது என்று ஜேம்ஸ் பென்னிங்டன் 1820-களிலேயே எடுத்துக்காட்டியிருந்தார். தாமஸ் டூக், ஃபுல்லார்ட்டன் முதலியோர் அதையே வைத்து எதிர்த்தார்கள். விளைவு, 1847, 1857, 1866 என்று மூன்று தடவை நெருக்கடி. மூன்று தடவையும் வரம்பை மீறலாம் என்று அரசு கடிதம் கொடுக்க வேண்டிவந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வரம்பை உண்மையில் மீறியது 1857-இல் மட்டும். மற்ற இரண்டு தடவையும் "நோட்டு கிடைக்கும்" என்ற செய்தியே பதற்றத்தைத் தணித்துவிட்டது.

1866 மே 10-இல் வணிகர்களின் உண்டியல்களை (கடன் பத்திரங்களை) வாங்கி விற்ற ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிறுவனம் கதவடைத்தது. வட்டியை 10 விழுக்காட்டுக்கு ஏற்றி மூன்று மாதம் அங்கேயே வைத்திருந்தார்கள். அந்த அனுபவத்தில் வால்டர் பேஜட் 1873-இல் வகுத்த முறைதான் இன்றும் மத்திய வங்கிகளின் பாடம். பதற்றத்தில் தாராளமாகக் கடன் கொடு; சாதாரண நாளில் நல்ல ஈடு என்று ஏற்கப்படும் எதையும் ஏற்றுக்கொள்; வட்டியை உயர்த்தி வை; இப்படிச் செய்வாய் என்பதை முன்கூட்டியே ஊருக்குத் தெரியப்படுத்து. தண்டிக்கத்தான் உயர்ந்த வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அச்சத்தால் மட்டும் கேட்பவரை விலக்கவும், வெளிநாட்டுத் தங்கத்தை உள்ளே இழுக்கவும்தான் அது. நடைமுறையில் சறுக்கும் இடம் ஈடு. பணம் கைக்கு வரத் தாமதமாகிற வங்கியையும் மூலதனமே கரைந்துபோன வங்கியையும் பதற்ற நாளில் பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம். ஓவரெண்ட் கர்னி இரண்டாவது வகை. அதை இங்கிலாந்து வங்கி காப்பாற்றவில்லை, சந்தையைக் காப்பாற்றியது.

கேள்வி: பண அளவு இரட்டித்தால் விலைவாசியும் இரட்டிக்குமா?

பதில்: பண அளவு × சுழற்சி வேகம் (ஒரு காசு ஓராண்டில் சராசரியாக எத்தனை தடவை கைமாறுகிறது என்பது) = விலைமட்டம் × பரிவர்த்தனைகளின் அளவு. இர்விங் ஃபிஷர் 1911-இல் எழுதிய இந்தச் சமன்பாடு எப்போதும் உண்மை, ஏனென்றால் இடமும் வலமும் ஒரே செலவைத்தான் இரண்டு விதமாக எண்ணுகின்றன. சுழற்சி வேகமும் பரிவர்த்தனையும் மாறாது என்று நீங்கள் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது கோட்பாடாகிறது. பணம் 100-லிருந்து 200 ஆகி, மக்கள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேகம் 6-லிருந்து 3 ஆகிவிட்டால் விலை அசையாது.

அமெரிக்க வெள்ளியால் ஐரோப்பாவில் விலை ஏறுகிறது என்று 1556-இல் ஸ்பெயினின் சலமான்கா அறிஞர் அஸ்பில்குவெட்டாவும் 1568-இல் பிரான்சின் ழான் போதானும் எழுதியபோது, அவர்கள் பேசியது ஒரு நூற்றாண்டு நீண்ட மாற்றம் பற்றி. நீண்ட காலத்துக்கு அது நன்றாகவே பொருந்தும். குறுகிய காலத்துக்கு ரிச்சர்ட் கான்டில்லானைப் படியுங்கள். புதுப் பணம் முதலில் யார் கையில் விழுகிறதோ அவர் பழைய விலையில் வாங்குகிறார், கடைசியில் பெறுபவர் ஏறிய விலையில் வாங்குகிறார் என்றார் அவர். 1755-இல் அச்சேறிய அந்த நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் சராசரி மறைப்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: விற்பனையாளர் மீது வரி போட்டால் அதை அப்படியே விலையில் ஏற்றி நம் தலையில் கட்டிவிடுகிறாரே. அப்படியிருக்க "நிறுவனங்களுக்கு வரி" என்பதற்கு என்ன அர்த்தம்?

பதில்: "அப்படியே" என்பது சில பொருளுக்குத்தான் சரி. யார் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுகிறார் என்பதைச் சட்டம் தீர்மானிக்கலாம். யார் சுமக்கிறார் என்பதை, யாரால் விலகிப்போக முடியவில்லை என்பதே தீர்மானிக்கிறது. ஃப்ளீமிங் ஜென்கின் 1870-களின் தொடக்கத்தில் தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வரைந்து இதைக் காட்டினார்.

கணக்கு எளிது. விலை ஒரு விழுக்காடு மாறினால் அளவு எத்தனை விழுக்காடு மாறும் என்பதே நெகிழ்ச்சி. வாங்குபவர் சுமக்கும் பங்கு = அளிப்பு நெகிழ்ச்சி ÷ (அளிப்பு நெகிழ்ச்சி + தேவை நெகிழ்ச்சி). விலை 100, வரி 12, அளிப்பு நெகிழ்ச்சி 2, தேவை நெகிழ்ச்சி 1 என்றால் வாங்குபவர் பங்கு மூன்றில் இரண்டு. விலை 108 ஆகும், விற்பவர் கையில் 96 நிற்கும். அளிப்பு நெகிழ்ச்சி ½, தேவை நெகிழ்ச்சி 1½ என்றால் வாங்குபவர் 3, விற்பவர் 9. (சிறிய வரிக்குத்தான் இது சரியாக இருக்கும்; பெரிய வரியில் நெகிழ்ச்சியே மாறிவிடும்.) வரியை விற்பவர் பெயரில் போட்டாலும் வாங்குபவர் பெயரில் போட்டாலும் விடை ஒன்றுதான்.

அளிப்பு நெகிழ்ச்சி பூஜ்யமானால் முழுச் சுமையும் உடைமையாளருக்கு. நிலம் அப்படிப்பட்டது, வரி போட்டதால் நிலம் ஓடிவிடாது. நிலத்தின் வாடகை மீதான வரி நிலக்கிழார் மேல்தான் விழும், விலையில் ஏறாது என்று டேவிட் ரிக்கார்டோ 1817-இல் சொன்னதும், ஹென்றி ஜார்ஜ் 1879-இல் நிலமதிப்பு வரி ஒன்றே போதும் என்றதும் இதை வைத்துத்தான். மேலே கட்டிய வீட்டுக்குச் சேர்த்து வரி போட்டால் இந்தத் தர்க்கம் உடைந்துவிடும், ஏனென்றால் வீடு கட்டாமல் இருக்க முடியும். நிறுவன வரியிலும் அதே கதைதான். மூலதனம் எளிதாக நாடு தாண்டிப் போகுமென்றால் சுமையில் ஒரு பகுதி போக முடியாத தொழிலாளி மேல் சாயும். எந்த விகிதத்தில் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

கேள்வி: பிசிராந்தையாரின் "காய்நெல் அறுத்துக் கவளங் கொளினே" பாடலை லாஃபர் வளைகோட்டின் முன்னோடி என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். பொருந்துமா?

பதில்: பாட்டு அதைவிடப் பெரியது. புறநானூறு 184, பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது. மா என்ற சிறு நில அளவுக்கும் குறைந்த நிலமானாலும் அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். நூறு வயலானாலும் யானை தானே புகுந்து தின்றால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம்.

அமெரிக்கப் பொருளியலாளர் லாஃபர் சொல்வது வேறு. வரி விகிதம் ஏற ஏற வரிக்கு உட்படும் தொகை, அதாவது தளம், சுருங்கும், ஓர் அளவுக்கு மேல் வருவாயே குறையும் என்பது அது. விகிதம் 20 விழுக்காட்டில் தளம் 100 என்றால் வருவாய் 20. 40-இல் தளம் 80 என்றால் 32. 60-இல் தளம் 50 என்றால் 30. இதற்கு முன்னோடி வேண்டுமென்றால் 1377-இல் எழுதிய இப்னு கல்தூன் இருக்கிறார். அரச மரபின் தொடக்கத்தில் சிறு வரியில் பெருவருவாய், முடிவில் பெருவரியில் சிறுவருவாய் என்றவர் அவர். லாஃபரே அவரை முன்னோடியாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

பிசிராந்தையார் விகிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. யானைக்கு எவ்வளவு என்பதைவிட, எந்த வழியில் என்பதே அவர் கேள்வி. ஆடம் ஸ்மித்தின் நான்காவது வரி நெறி இதுதான்: மக்கள் பையிலிருந்து எடுப்பதற்கும் கருவூலத்தில் சேர்வதற்கும் இடையே முடிந்தவரை இடைவெளி இருக்கக் கூடாது. இடைவெளி எங்கே உண்டாகிறது என்றும் ஸ்மித் எண்ணிச் சொல்கிறார்: தண்டல் அலுவலர் கூட்டம், தொழில் முடங்குவது, தண்டத்தில் அழிந்துபோகும் வணிகர், அடிக்கடி வந்து குடையும் சோதனை. "வரிசை அறியாக் கல்லென் சுற்றம்" என்று பாட்டில் வருவதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னும் கூர்மையானது கடைசி வரி: "தானும் உண்ணான் உலகமும் கெடுமே." அரசனுக்கும் கிடைக்கவில்லை, மக்களிடமும் இல்லை. பொருளியலில் வரியின் வீணிழப்பு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் நான் படித்ததில்லை.

அந்த இழப்பைக் கண்ணால் பார்க்க இங்கிலாந்தின் சன்னல் வரி போதும். கத்தரித்த காசின் நட்டத்துக்காக 1696-இல் போட்டார்களே, அதுதான். 1747-இல் அதன் விகிதத்தை மாற்றினார்கள்: 9 சன்னல் வரை இல்லை, 10 முதல் 14 வரை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 6 பென்ஸ், 15 முதல் 19 வரை ஒவ்வொன்றுக்கும் 9, 20-உம் அதற்கு மேலும் 12. பத்தாவது சன்னலை வைத்த கணம் பத்துக்கும் சேர்த்து 60 பென்ஸ். 14 சன்னலுக்கு 84. பதினைந்தாவது வைத்தால் 135. ஆகவே வீடுகள் 9, 14, 19 சன்னலோடு குவிந்தன, மிச்சத்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த சன்னலால் அரசுக்கு ஒரு பென்னி இல்லை, வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் இல்லை. 1851 வரை இது நீடித்தது.

1844-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்புயி இதற்கு அளவு கண்டார்: வரி இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. வரி 2 வைத்ததும் விற்பனை 100-லிருந்து 90 ஆகிறது என்று கொள்ளுங்கள். வருவாய் 180, இழப்பு ½ × 2 × 10 = 10. வரி 4 என்றால் விற்பனை 80, வருவாய் 320, இழப்பு ½ × 4 × 20 = 40. வருவாய் இரு மடங்குகூட ஆகவில்லை. ஒரு பொருள் மேல் பெருவரி போடுவதைவிடப் பல பொருள் மேல் சிறுவரி போடுவது மேல் என்று வரி வல்லுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் அடிப்படை இந்தக் கணக்கு.

கேள்வி: அரசு வரி போட்டாலும் ஒன்று, கடன் வாங்கினாலும் ஒன்று என்று ரிக்கார்டோ சொன்னது உண்மையா?

பதில்: கணக்கில் ஒன்று என்றார், நடப்பில் ஒன்று என்று சொல்லவில்லை. 1820-இல் எழுதிய கட்டுரையில் அவர் வைக்கும் எடுத்துக்காட்டு ஒரு போர்ச் செலவு, 2 கோடி பவுண்டு. இன்றே வரியாக வாங்கலாம். அல்லது 5 விழுக்காட்டுக் கடன் வாங்கி ஆண்டுக்கு 10 லட்சம் என்றென்றைக்கும் வட்டிக்கு வரி வாங்கலாம். இரண்டின் இன்றைய மதிப்பும் சமம்.

அடுத்தே அவர் தயங்குகிறார். 20,000 பவுண்டு சொத்துள்ளவரிடம், ஒரே தடவை 1,000 கட்டுவதும் ஆண்டுக்கு 50 என்றென்றைக்கும் கட்டுவதும் ஒரே சுமை என்று நம்பவைப்பது கடினம் என்கிறார். 50-ஐ மட்டும் மனதில் வைத்து மனிதர் சிக்கனம் பிடிப்பார், மீதியைச் செலவழித்துவிடுவார். 1974-இல் ராபர்ட் பேரோ இந்தச் சமத்துவத்தைப் புது உருவில் எழுப்பியபோது, பெற்றோர் பிள்ளைகளின் வரியையும் கணக்கில் வைத்துச் சேமிப்பார்கள் என்ற அனுமானத்தைச் சேர்த்தார். கடன் கிடைக்காத ஏழைக்கும், பிள்ளைக்கு எதையும் விட்டுச்செல்லாதவருக்கும் அந்த அனுமானம் பொருந்தாது.

ரிக்கார்டோ தம் சந்தேகத்தின் பக்கமே நின்றார். போர்ச் செலவை அந்தந்த ஆண்டு வரியிலேயே கட்ட வேண்டும், அப்போதுதான் மக்கள் போரின் விலையை உணர்ந்து சீக்கிரம் முடிக்கச் சொல்வார்கள் என்றார். நெப்போலியன் போர்களில் குவிந்த தேசக் கடனை அடைக்க, சொத்துள்ளவர்கள் ஒரே தடவை பெருவரி கட்டித் தீர்த்துவிடலாம் என்று பாராளுமன்றத்திலும் பேசினார். அவரும் சொத்துக்காரர்தான். அந்த யோசனையை அவை ஏற்கவில்லை.